அத்தியாயம் 4: சக்கரத்தின் அளவா, ஓட்டுபவரின் திறனா?

மலைச் சைக்கிள் வாங்கக் கடைக்குள் நுழைந்ததுமே மூன்று எண்கள் காதில் விழும்: 26, 27.5, 29. "இருபத்தொன்பது எடுத்துக்குங்க சார், கல்லு மேலயெல்லாம் தானா ஏறிடும்" என்பார் கடைக்காரர். "வளைவு அதிகமா இருக்கிற பாதைக்கு 27.5தான் சரி" என்பார் உடன் வந்த நண்பர். வீட்டில் ஏற்கெனவே ஒரு 26 நிற்கும். அதை விற்றுவிடலாமா என்ற யோசனை அங்கேயே தொடங்கிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரின் திறன் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால்தான் சக்கரத்தின் அளவு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். சமமாக இல்லாவிட்டால் திறன்தான் தீர்மானிக்கும். மலைப்பாதைக்குப் புதியவர்களும், சில ஆண்டுகளாக ஓட்டியும் முறையாகப் பயிற்சி எடுக்காதவர்களும் இரண்டாவது வகை. அவர்கள் சக்கரத்துக்குச் செலவழிக்கும் பணத்தைவிடப் பயிற்சிக்குச் செலவழிக்கும் நேரம் அதிகப் பலன் தரும். இதற்கு விலக்கான ஒரே இடம், சைக்கிள் உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி. அதில் தவறினால் எந்தப் பயிற்சியும் ஈடுசெய்யாது.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்போது உங்களால் மூன்று வேலைகளைச் செய்ய முடிய வேண்டும்:

• உங்கள் உயரத்துக்கும் பாதைக்கும் ஏற்ற அளவைத் தேர்ந்தெடுப்பது.
• பெரிய சக்கரத்திடம் எதிர்பார்க்கும் பலனை இப்போதுள்ள சைக்கிளிலேயே பயிற்சியால் பெறுவது.
• உங்கள் ஓட்டத்தை எது மாற்றுகிறது என்பதை நீங்களே அளந்து பார்ப்பது.

## தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம் கணக்கு

1970களில் கலிபோர்னியாவின் மரீன் வட்டாரத்தில் இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் இறக்கினார்கள். அந்தச் சைக்கிள்களின் சக்கரம் 26 அங்குலம். மலைச் சைக்கிளுக்கு 26 வந்தது இப்படித்தான். யாரும் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 29 அங்குல மலைச் சைக்கிள் டயர் 1999இல்தான் வந்தது. 27.5 அதற்கும் பிறகு பரவியது.

ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம்தான் உண்மையான அளவு:

• 26 அங்குலம்: 559 மி.மீ.
• 27.5 அங்குலம் (650பி என்றும் சொல்வார்கள்): 584 மி.மீ.
• 29 அங்குலம்: 622 மி.மீ.

பெயரைப் பார்த்தால் 27.5 சரியாக நடுவில் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது 26ஐ ஒட்டியே நிற்கிறது. 26க்கும் அதற்கும் 25 மி.மீ. வித்தியாசம், அதற்கும் 29க்கும் 38 மி.மீ. வித்தியாசம்.

பெரிய சக்கரம் மேட்டில் மோதும் கோணம் குறைவு என்பது உண்மை. எவ்வளவு குறைவு என்று பாருங்கள். 2.2 அங்குல டயர் மாட்டிய 26 அங்குலச் சக்கரம் 10 செ.மீ. உயரக் கல்லில் மோதும் கோணம் ஏறக்குறைய 45 பாகை. அதே டயர் மாட்டிய 29இல் ஏறக்குறைய 43 பாகை. ஆக மிச்சம் 2 பாகை. இப்போது அந்த 26 அங்குலச் சக்கரத்தையே கல்லுக்கு முன்னால் 5 செ.மீ. தூக்கிவிட்டால், மோத மிஞ்சியிருப்பது 5 செ.மீ.தான். கோணம் 32 பாகைக்கு இறங்கிவிடும். சக்கரத்தை மாற்றிப் பெறுவது 2 பாகை. தூக்கக் கற்றுக்கொண்டு பெறுவது 13 பாகை.

ஆனால் அந்த 2 பாகை நாள் முழுவதும், ஒவ்வொரு கல்லிலும், நீங்கள் களைத்துப்போன பிறகும் கிடைக்கும். நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் 29ஐ விரும்புவதற்கு இதுவே காரணம். அதற்கு விலையும் உண்டு. 29 ஒரு சுற்றில் 26ஐவிட 9 சதவீதம் கூடுதல் தூரம் போகும். அதனால் அதே பல்சக்கரத்தில் ஏற்றம் ஏறினால் பெடலை அதே அளவு கூடுதலாக அழுத்த வேண்டும். 32 பல் முன்சக்கரம் வைத்து 26 ஓட்டிப் பழகியவர் 29க்கு மாறினால் 30 பல் போட்டுக்கொள்வது நல்லது.

## ஒரே வீரர், மூன்று அளவுகள்

சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் குறுக்குநாட்டு மலைச் சைக்கிள் பந்தயத்தில் மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம், ஓட்டியது 26. 2012 லண்டனில் வெள்ளி, ஓட்டியது 27.5. 2016 ரியோவில் தங்கம், ஓட்டியது 29.

இதைப் பார்த்து, சக்கரம் வளர வளரப் பதக்கமும் வளர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். லண்டனில் அவரை வென்ற செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி ஓட்டியது 29. இருவருக்கும் இடைவெளி 1 விநாடி. ரியோவில் இருவருமே 29. அங்கே குல்ஹாவியை ஷுர்ட்டர் 50 விநாடி பின்தள்ளினார். சக்கரம் வேறாக இருந்தபோது 1 விநாடி, ஒன்றானபோது 50 விநாடி.

மலையிறக்கப் போட்டியிலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் கிரெக் மினார் 2012இல் 26 அங்குலச் சைக்கிளில் உலகச் சாம்பியன் ஆனார். 2017இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் உலகக் கோப்பைப் போட்டியை 29இல் வென்றார். மறுபடி குறுக்குநாட்டுப் பந்தயத்துக்கு வந்தால், சக்கரத்தால் இழந்ததைத் திறன் மீட்டதையும் பார்க்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்குப் போட்டியின் நடுவே டயர் பஞ்சர் ஆனது. அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியவர், கடைசிச் சுற்றில் விக்டர் கொரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வென்றார்.

இன்று குறுக்குநாட்டுப் பந்தயங்களில் முன்னணி வீரர்கள் பெரும்பாலும் 29தான் ஓட்டுகிறார்கள். அந்த மட்டத்தில் ஒரு விநாடி பதக்கத்தின் நிறத்தையே மாற்றிவிடும். வார இறுதியில் குன்றுப் பாதையில் ஓட்டுபவருக்கு அந்த ஒரு விநாடியால் பயன் குறைவு. வளைவுக்கு முன்னால் சரியாக பிரேக் பிடிப்பதால் கிடைக்கும் பத்து விநாடிதான் பெரிது. அது அவரைக் கீழே விழாமலும் காக்கும்.

## உங்கள் அளவைத் தேர்ந்தெடுக்கும் வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பலர் சக்கரத்தில் தொடங்கி ஃபிரேமில் முடிக்கிறார்கள். அதுதான் முதல் தவறு.

1. முதலில் ஃபிரேம். சைக்கிளின் மேல்குழாயின் இருபுறமும் கால் வைத்து, நீங்கள் ஓட்டப் பயன்படுத்தும் ஷூவோடு நில்லுங்கள். குழாய்க்கும் உங்கள் கவட்டுக்கும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சைக்கிள் உங்களுக்கு இல்லை.

2. உயரத்தைப் பாருங்கள். 160 செ.மீ.க்குக் குறைவானவர்கள் 27.5இல் தொடங்கலாம். 160 முதல் 170 வரை உள்ளவர்கள் 27.5, 29 இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 170க்கு மேல் 29 எளிதாகப் பொருந்தும். இது தொடக்கக் குறிப்புதான். கைகால் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். சின்ன ஃபிரேமுக்குத் தாங்களே 27.5 பொருத்தி விற்கும் நிறுவனங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு 20 அல்லது 24 அங்குலம் வாங்குங்கள். "வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று பெரிதாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

3. கால்விரல் சோதனை. சைக்கிளில் உட்கார்ந்து, ஒருவரைப் பின்னால் பிடிக்கச் சொல்லிவிட்டு, பெடலை முன்னால் கிடைமட்டமாக வைத்து ஹேண்டில்பாரை முழுவதும் திருப்புங்கள். ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடித்தால், குறுகலான திருப்பத்தில் விழ வாய்ப்பு உண்டு. உயரம் குறைந்தவர்கள் 29இல் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

4. பின்சக்கரச் சோதனை. சீட்டை இறக்கிவிட்டு, பெடல்மேல் நின்று இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். பின்டயர் உடம்பில் உரசக் கூடாது. உரசினால் செங்குத்தான இறக்கத்தில் பின்னால் போக உங்களுக்கு இடமில்லை என்று பொருள். முன்னால் 29, பின்னால் 27.5 வைத்த கலப்புச் சைக்கிள்கள் இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு. 2019 முதல் சர்வதேசப் பந்தயங்களிலும் இவற்றுக்கு அனுமதி உண்டு.

5. கடைசியாகப் பாதை. கல்லும் வேரும் நிறைந்த நீண்ட பாதை என்றால் 29. அடிக்கடி திரும்பும் குறுகலான ஒற்றையடிப் பாதை, குதித்து விளையாடும் மண்மேடு என்றால் 27.5. இரண்டும் கலந்திருந்தால், ஓட்டிப் பார்க்கும்போது எதில் உங்கள் தோளும் கையும் தளர்வாக இருக்கின்றனவோ அதை எடுங்கள்.

குறிப்பு: டயரின் பக்கச் சுவரில் 57-622 போன்ற ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மி.மீ.யில். டயர் வாங்கும்போது "26" என்று மட்டும் கேட்காதீர்கள். சாதாரணச் சைக்கிள்களுக்கான 26 x 1⅜ டயரின் விட்டம் 590 மி.மீ.; மலைச் சைக்கிளின் 559 ரிம்மில் அது உட்காராது.

## செலவில்லாத முதல் மாற்றம்: காற்றழுத்தம்

"29க்கு மாறினதும் அதிர்வே இல்லை" என்று சொல்பவர்களில் பலர், பழைய சைக்கிளில் கல்போல் காற்றடித்து ஓட்டியவர்கள். பஞ்சர் கடை கம்ப்ரெசரில் அடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "போதும்" என்றால் 50 பி.எஸ்.ஐ.கூட ஏறியிருக்கலாம். மண்பாதைக்கு அது மிக அதிகம். டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், வளைவில் வழுக்கும்.

1. கேஜ் உள்ள தரை பம்பு ஒன்று வாங்குங்கள். புதிய சக்கரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.
2. டயரின் பக்கத்தில் அச்சிட்ட குறைந்தபட்ச, அதிகபட்ச அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்கு வெளியே போகாதீர்கள்.
3. 65 முதல் 75 கிலோ எடை, 2.2 முதல் 2.4 அங்குல டயர், உள்ளே டியூப் என்றால் முன்னால் 28, பின்னால் 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள்.
4. 200 மீட்டர் கரடுமுரடான பாதை ஒன்றில் ஓட்டுங்கள். இரண்டு சக்கரத்திலும் 2 பி.எஸ்.ஐ. குறைத்து அதே பாதையில் மறுபடி ஓட்டுங்கள்.
5. ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டாலோ, வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிவதுபோல் இருந்தாலோ 3 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். அதுதான் உங்கள் அழுத்தம்.
6. அந்த எண்ணை எழுதி வைத்து, ஓட்டக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கேஜில் பாருங்கள்.

டியூப் இல்லாத டயர் என்றால் இன்னும் சில பி.எஸ்.ஐ. குறைக்கலாம், டியூப் நசுங்கிக் கிழியும் ஆபத்து அதில் இல்லை.

## ஆறு திறன்கள், ஆறு வாரங்கள்

வாரத்துக்கு ஒரு திறன். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம். முதலில் சமதளமான மைதானம், பிறகு பாதை. ஒன்று கைவராமல் அடுத்ததற்குப் போக வேண்டாம். தேவைப்பட்டால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள்.

முதல் வாரம்: நிற்கும் நிலை

1. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கட்டும். சீட்டில் உட்காராமல் பெடல்மேல் நில்லுங்கள்.
2. குதிகாலைச் சற்றே கீழிறக்குங்கள். எடை முழுவதும் காலில். கைப்பிடியில் எடை வேண்டாம்.
3. முழங்காலும் முழங்கையும் மடிந்திருக்கட்டும். முழங்கை வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும்.
4. ஒரு விரல் பிரேக் லீவரில், மற்ற விரல்கள் கைப்பிடியில்.

சரிபார்ப்பு: ஓட்டிக்கொண்டே கைகளை நொடிப்பொழுது தளர்த்துங்கள். உடம்பு முன்னால் விழாமல் நின்றால் எடை காலில் இருக்கிறது. இந்த நிலையில் உங்கள் கைகால்கள் தாங்கும் அதிர்வை எந்தச் சக்கரமும் தாங்காது.

இரண்டாம் வாரம்: பிரேக்

1. எந்த லீவர் முன்பிரேக் என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சைக்கிளுக்குச் சைக்கிள் இது மாறும். இரவல் சைக்கிளில் பலர் விழுவது இதனால்தான்.
2. மைதானத்தில் ஒரு கல்லை வையுங்கள். மிதமான வேகத்தில் வந்து, கல்லைத் தொட்டதும் பின்பிரேக்கை மட்டும் பிடித்து நில்லுங்கள். நின்ற இடத்தைக் குறியுங்கள்.
3. அடுத்து முன்பிரேக்கை மட்டும், மெல்ல மெல்ல அழுத்திப் பிடியுங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளி, குதிகாலைக் கீழிறக்குங்கள்.
4. பிறகு இரண்டையும் சேர்த்து. மூன்று குறிகளையும் ஒப்பிடுங்கள். நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன்பிரேக்கில் இருப்பதைக் கண்ணால் காண்பீர்கள்.

முன்பிரேக்கைக் கண்டு பயந்து தொடாமலே ஓட்டுவதும், பதறிப்போய் ஒரேயடியாக அழுத்துவதும் இங்கே நடக்கும் தவறுகள். இரண்டும் ஆபத்து.

மூன்றாம் வாரம்: பார்வை

1. முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள். மெதுவாக ஓட்டினால் 5 மீட்டர், வேகமாக ஓட்டினால் 15 மீட்டர் முன்னால் கண் இருக்கட்டும்.
2. போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். தவிர்க்க வேண்டிய கல்லை உற்றுப் பார்த்தால் சைக்கிள் அந்தக் கல்லுக்கே போகும்.
3. பயிற்சிக்கு, மைதானத்தில் பத்துக் கற்களை வரிசையாக வைத்து இடையில் வளைந்து வளைந்து ஓட்டுங்கள். ஒரு கல்லைத் தாண்டும்போதே கண் அடுத்த கல்லுக்குப் போயிருக்க வேண்டும்.

நான்காம் வாரம்: சக்கரத்தைத் தூக்குவது

1. தரையில் ஒரு மெல்லிய குச்சியை வையுங்கள். நடைவேகத்தில் வாருங்கள்.
2. குச்சிக்கு ஒரு முழம் முன்னால் முழங்கையை மடித்து உடம்பைக் கீழே அழுத்துங்கள்.
3. உடனே இடுப்பைப் பின்னாலும் மேலேயும் தள்ளுங்கள். முன்சக்கரம் தானே எழும்பும். கையால் இழுக்காதீர்கள்.
4. முன்சக்கரம் தாண்டியதும் எடையை முன்னால் கொண்டுவந்து, காலைத் தளர்த்திப் பின்சக்கரத்தைத் தாண்ட விடுங்கள்.
5. மெல்லிய குச்சியைத் தொடாமல் தொடர்ந்து பத்து முறை தாண்டினால் 5 செ.மீ. கட்டைக்குப் போகலாம். அதிலும் பத்து முறை சரியாக வந்த பிறகே 10 செ.மீ.

முன்பு சொன்ன 13 பாகை இங்கேதான் கிடைக்கிறது. ஆறு வாரத்தில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் வாரம்: வளைவு

1. வேகத்தை வளைவுக்கு முன்னால், நேர்ப்பாதையிலேயே குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் பிரேக் வேண்டாம்.
2. வெளிப்பக்கப் பெடல் கீழே. எடை அந்தக் காலில்.
3. சைக்கிளை உள்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். உடம்பு அதைவிட நிமிர்ந்திருக்கட்டும்.
4. வளைவின் முடிவைப் பாருங்கள். நாடி போகும் திசையில் தோளும் திரும்பும்.

"29 திரும்பவே மாட்டேங்குது" என்ற குறை பெரும்பாலும் இங்கே தீர்ந்துவிடும். சைக்கிளைச் சாய்க்காமல் ஹேண்டில்பாரை மட்டும் திருப்பினால் பெரிய சக்கரம் பிடிவாதம் பிடிக்கும், சாய்த்தால் கேட்கும்.

ஆறாம் வாரம்: ஏற்றம்

1. ஏற்றம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாற்றிவிடுங்கள். பாதி வழியில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறுந்துபோகலாம்.
2. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்துங்கள். முழங்கை கீழ்நோக்கி இருக்கட்டும்.
3. முன்சக்கரம் எழும்பினால் இன்னும் முன்னால் சாயுங்கள். பின்சக்கரம் சுழன்றால் கொஞ்சம் பின்னால் உட்காருங்கள்.
4. ஒரே சீராக மிதியுங்கள். திடீர் அழுத்தம் பின்டயரின் பிடியை உடைக்கும்.

## நீங்களே அளந்து பாருங்கள்

1. 300 முதல் 500 மீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் கொஞ்சம் ஏற்றம், இரண்டு வளைவு, கொஞ்சம் கல் இருக்கட்டும். வாகனம், நடப்பவர்கள், மாடு மேய்வது எதுவும் இருக்கக் கூடாது.
2. உங்களுக்குப் பொருந்தும் இரண்டு அளவுச் சைக்கிள்களைக் கொண்டுவாருங்கள்; ஒன்று நண்பருடையதாக இருக்கலாம். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒன்றில் முன்னால் மட்டும், மற்றதில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் என்றால் ஒப்பிட முடியாது.
3. இரண்டிலும் ஒரே காற்றழுத்தம். டயரின் மேற்புறப் புடைப்புகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கட்டும்.
4. நேரம் எடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் பழகுங்கள்.
5. சிறியதை அ, பெரியதை ஆ என்று வைத்துக்கொண்டு அ, ஆ, ஆ, அ என்ற வரிசையில் ஓட்டுங்கள். ஓய்வெடுத்துவிட்டு இதே வரிசையை இன்னொரு முறை செய்யுங்கள். பாதை பழகுவதும் உடல் களைப்பதும் இரண்டு சைக்கிளுக்கும் சமமாகப் பங்காகவே இந்த வரிசை.
6. முழு வேகம் வேண்டாம். எட்டுச் சுற்றிலும் ஒரே அளவு முயற்சி போதும். நண்பர் கைப்பேசியில் நேரம் எடுக்கட்டும்.
7. இரண்டு எண்களைக் கணக்கிடுங்கள். ஒன்று, ஒரே சைக்கிளில் உங்கள் வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு, இரு சைக்கிள்களின் சராசரி நேரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்.

முதல் எண் பெரிதாக இருந்தால் உங்கள் ஓட்டம் இன்னும் சீராகவில்லை. புதுச் சக்கரம் அதைச் சரிசெய்யாது. பயிற்சியை முடித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். முதல் எண் சிறிதாகி, இரண்டாவது எண் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால், அந்தச் சக்கரம் உங்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது. தயங்காமல் வாங்கலாம்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

• 27.5 சைக்கிளில் 29 சக்கரத்தைத் திணிப்பது. நின்ற இடத்தில் சுழன்றாலும், ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது டயர் மேலே இடித்துச் சக்கரம் நின்றுவிடலாம். ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். ஃபிரேம், ஃபோர்க் இரண்டின் தயாரிப்பாளரும் அந்த அளவுக்கு அனுமதி தந்திருந்தால் மட்டுமே மாற்றுங்கள்.
• நல்ல நிலையில் உள்ள 26ஐ அவசரமாக விற்பது. பயிற்சிக்கு அது போதும்.
• விலை குறைந்த 29ஐ வாங்கி, பிரேக்கிலும் டயரிலும் சமரசம் செய்வது. நல்ல டிஸ்க் பிரேக் உள்ள 27.5, மோசமான பிரேக் உள்ள 29ஐவிடப் பாதுகாப்பானது.
• சீட்டை உயரமாக வைத்தபடியே இறக்கத்தில் இறங்குவது. இறங்கும் முன் சீட்டைத் தாழ்த்துங்கள்.
• சக்கரத்தின் மேல் உள்ள நம்பிக்கையில் திறனை மீறிய வேகத்தில் போவது. பெரிய சக்கரம் சின்னக் கற்களை உணரவிடாமல் மறைக்கும். வேகம் கூடியதே தெரியாது.

## பாதுகாப்பு

கிளம்பும் முன்:

1. சக்கரத்தின் குவிக் ரிலீஸ் அல்லது அச்சு இறுக்கமாக உள்ளதா என்று பாருங்கள்.
2. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஹேண்டில்பார் பக்கம் ஆட்டம் இருக்கக் கூடாது.
3. ஸ்போக்குகளை இரண்டிரண்டாக அழுத்திப் பாருங்கள். தளர்ந்தவை உடனே தெரியும்.
4. ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும். நாடா இறுகி, நாடிக்குக் கீழே ஒரு விரல் மட்டுமே நுழைய வேண்டும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.
5. கையுறை, முழங்கால் கவசம், தண்ணீர், முதலுதவிப் பை, மாற்று டியூப், பம்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதையில்:

• புதிய பாதையை முதல் முறை மெதுவாக ஓட்டுங்கள். தெரியாத பள்ளத்தை இறங்கி நடந்து பார்த்த பிறகே சைக்கிளில் இறங்குங்கள்.
• தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.
• நீண்ட இறக்கத்துக்குப் பிறகு டிஸ்க் பிரேக்கின் தட்டைத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். சுழலும் தட்டின் அருகே விரலைக் கொண்டுபோகவே கூடாது.
• காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். அது சட்டப்படி குற்றம். நீலகிரி போன்ற இடங்களில் யானையும் காட்டெருமையும் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் காட்டோரப் பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

## சக்கரம் மாற்ற வேண்டிய நேரம்

கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலும் மாற்றலாம்:

• கால்விரல் சோதனையிலோ பின்சக்கரச் சோதனையிலோ இப்போதைய சைக்கிள் தோற்றால். இதற்குப் பயிற்சி முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே மாற்றுங்கள்.
• ஆறு வாரப் பயிற்சிக்குப் பின்னும் அளவீடு ஒரே பக்கம் சாய்ந்தால்.
• கல் நிறைந்த பாதையில் பல மணி நேரம் ஓட்டுவது உங்கள் வழக்கமாகி, கடைசி மணி நேரத்தில் கை சோர்ந்து பிடி தளர்ந்தால்.
• பந்தயத்தில் இறங்கி, உங்களுக்கு முன்னால் முடிப்பவருக்கும் உங்களுக்கும் இடைவெளி ஒன்றிரண்டு விநாடியாகச் சுருங்கியிருந்தால்.

எதுவும் பொருந்தாவிட்டால் சக்கரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு நல்ல ஹெல்மெட், கேஜ் வைத்த பம்பு, உங்கள் பாதைக்கேற்ற ஒரு ஜோடி டயர் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் பயிற்சியாளரிடம் இரண்டு நாள் வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை விற்றால் சக்கரமும் அதோடு போய்விடும். நீங்கள் கற்ற திறன் அடுத்து ஓட்டும் எல்லாச் சைக்கிளுக்கும் உங்களோடு வரும்.